மூளைத்தண்டு அழற்சி: கேள்வி பதில்

மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் மூளைத்தண்டை உடலின் எதிர்ப்பாற்றலே தாக்கும் அரிய நோயான பிக்கர்ஸ்டாஃப் மூளைத்தண்டு அழற்சி குறித்து தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் கேள்விகளுக்கு நரம்பியல் மருத்துவர் ஒருவர் பதிலளிக்கிறார்.

பாலக்கோடு வாசகர்: என் அண்ணனுக்கு இரண்டு வாரம் முன்பு வயிற்றுப்போக்கு. இப்போது எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது, நடை தள்ளாடுகிறது, பகலிலும் தூங்கி வழிகிறார். வயிற்றுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்?

முதலில் அவரை இன்றே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

சம்பந்தம் உண்டு. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் காம்பைலோபாக்டர் கிருமியின் மேலுறையில் உள்ள சில சர்க்கரைப் பொருள்கள், நம் நரம்பில் இருக்கும் ஜிக்யூ1பி என்ற பொருளை ஒத்தவை. கிருமியை அழிக்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் நரம்பையும் தாக்குகிறது. கண்ணை அசைக்கும் நரம்புகளில் ஜிக்யூ1பி மிகுதி. அதனால்தான் பார்வை இரட்டிக்கிறது. விழிப்பைக் காக்கும் பகுதி மூளைத்தண்டில் இருக்கிறது; அழற்சி அங்கே எட்டினால் தூக்கமும் குழப்பமும் வரும். சளிக் காய்ச்சலுக்குப் பின்னும் இது வரலாம்.

பென்னாகரம் வாசகர்: எங்கள் பக்கம் இமை தொங்கினால் கட்டுவிரியன் கடி என்பார்கள். சரியா?

மிகச் சரியான சந்தேகம். தரையில் படுத்தவர் விடியலில் வயிற்றுவலியோடு இமை திறக்க முடியாமல் எழுந்தால், கடித்த தடம் தெரியாவிட்டாலும் பாம்புக்கடி என்றே கருதி ஓடுங்கள். அது சில மணி நேரத்தில் முற்றும். இந்த அழற்சி நாள்கணக்கில் வளரும். குடிப்பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வைட்டமின் பி1 குறைபாடும் இதே வேடத்தில் வரும். ஊசியில் தீரக்கூடியதைத் தவறவிடக் கூடாது.

ஓசூர் வாசகர்: எம்ஆர்ஐ இயல்பாக இருக்கிறதே?

பலருக்கு அப்படித்தான். இரத்தப் பரிசோதனையில் அந்த எதிர்ப்பொருளும் ஏறக்குறைய மூன்றில் இருவருக்கே தென்படும். முடிவு வரும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போடுவதில்லை.

அரூர் வாசகர்: பிழைப்பாரா?

பெரும்பாலோர் சில மாதங்களில் தேறிவிடுகிறார்கள். மறுபடி வருவது அரிது. தானமாகப் பெற்ற இரத்தத்திலிருந்து எடுக்கும் எதிர்ப்பொருள் மருந்தான இம்யூனோகுளோபுலின் வழக்கமாக ஐந்து நாள், கிலோவுக்குத் தினமும் 0.4 கிராம். 60 கிலோ எடைக்கு மொத்தம் 120 கிராம், விலை அதிகம். காப்பீட்டில் இடமுண்டா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதல் நாளே கேளுங்கள். இரத்தத்தின் திரவப் பகுதியை மாற்றி, தாக்கும் எதிர்ப்பொருளை நீக்கும் பிளாஸ்மா மாற்றமும் ஒரு வழி. வென்டிலேட்டர் வைத்தாலே எல்லாம் முடிந்தது என்று உறவினர் அழுவார்கள். இந்த நோயில் அது மூச்சு திரும்பும்வரை தாங்கும் ஏற்பாடு.

காவேரிப்பட்டினம் வாசகர்: ஒட்டுமா?

ஒட்டாது. ஆனால் விழுங்குவது சீராகும்வரை, மருத்துவர் சொல்லாமல் வாயில் எதையும் ஊட்டாதீர்கள், இளநீர்கூட வேண்டாம்.