மனநல கோர்ட்டுக்கு மாற்றித் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: என் தம்பிக்கு வயது 27. பாம்பனில் நாட்டுப்படகில் கூலிக்குப் போகிறான். மனச்சிதைவு நோய்க்குச் சாப்பிட்டுவந்த மாத்திரையை நிறுத்திவிட்டான். போன வருடம் ஒரு கடையை அடித்து உடைத்து, தடுத்தவரையும் காயப்படுத்தினான். கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். இரண்டு வருட நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கி விட்டுவிட்டார்கள். இரண்டு மாதமாக நன்னடத்தை அலுவலரைப் போய்ப் பார்க்கவில்லை. நோய் குணமாகும் என்று நம்பி, அம்மா அவனை ஏர்வாடி தர்காவில் தங்கவைக்கலாம் என்கிறார். அமெரிக்காவில் இருப்பதுபோல மனநல கோர்ட்டுக்கு வழக்கை மாற்றி, சர்டிபிகேட்டும் வாங்கித் தர ஒருவர் 40,000 ரூபாய் கேட்கிறார். 5,000 கொடுத்துவிட்டோம். மீதியைக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். நம் நாட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு கோர்ட்டே கிடையாது. இல்லாத கோர்ட்டுக்கு அவர் எதை மாற்றப்போகிறார்? ‘மனநல மறுஆய்வு வாரியம்’ என்று ஒரு பெயரைக் காட்டுவார், ஏமாறாதீர்கள். அது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி நோயாளிகளின் உரிமையைக் கவனிக்கும் அமைப்பு. உங்கள் தம்பியின் தண்டனையில் கை வைக்க அதற்கு அதிகாரம் இல்லை.

அமெரிக்காவில் இருப்பது உண்மைதான். 1997இல் புளோரிடா மாநிலத்தின் பிரோவார்டு கவுண்டியில் தொடங்கி, பிறகு பல மாநிலங்களுக்குப் பரவியது. விருப்பப்பட்டவர்களை மட்டுமே சேர்ப்பார்கள். நீதிபதி, சிகிச்சை தருபவர், நன்னடத்தை அலுவலர் ஆகியோர் ஒன்றாக உட்கார்ந்து சிகிச்சைத் திட்டம் போடுவார்கள். சேர்ந்தவர் அடிக்கடி நீதிபதி முன் வர வேண்டும். மாத்திரையை விட்டுவிட்டால், ஏன் விட்டார் என்று முதலில் கேட்பார்கள். ஒழுங்காக முடித்தால் வழக்கு தள்ளுபடியாகலாம், தண்டனை குறையலாம். இங்கே அந்த மூன்று பேரும் மூன்று கட்டடங்களில் இருக்கிறார்கள், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் காகிதம் சுமப்பது உங்களைப் போன்ற அக்காமார்கள். தம்பி ஒப்புக்கொண்ட அன்று, ‘இவருக்கு உடம்புக்கு ஏதாவது உண்டா’ என்று ஒருவராவது கேட்டிருக்க வேண்டும். எனக்கு ஆறாத கோபம் அதில்தான்.

சரி, இப்போது என்ன செய்வது? 1958ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்திலேயே உங்களுக்கு வேண்டியது இருக்கிறது. பத்திர நிபந்தனையை முதல் முறை மீறியவருக்கு 50 ரூபாய் வரை தண்டம் போட்டு, பத்திரத்தை அப்படியே தொடர கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. ஆம், வெறும் 50 ரூபாய். ஆனால் பழைய குற்றத்துக்கு உடனே தண்டனை கொடுக்கவும் அதே பிரிவு இடம் தருகிறது. அதனால் வாரண்ட் வரும்வரை காத்திருக்காமல் நீங்களே முந்திக்கொள்ளுங்கள்.

முதலில் தம்பியை ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். மருந்து இலவசம். கடலுக்குப் போகிறவர் மாத்திரையைத் தவறவிடுவது சகஜம். வாரக்கணக்கில் வேலை செய்யும் ஊசி அவருக்கு ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அங்கே தரும் ஓ.பி. சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அரசு மருத்துவமனையில் தொடர்ந்து காட்டிய நாலு சீட்டுக்கு இருக்கும் மதிப்பு, தரகர் வாங்கித் தரும் சர்டிபிகேட்டுக்கு இல்லை. பொய்ச் சான்றிதழைக் கோர்ட்டில் கொடுத்தால் அது இன்னொரு குற்றம். நோய் நிஜமாகவே இருக்கும்போது பொய்க் காகிதம் எதற்கு?

அப்புறம் அந்தச் சீட்டோடு தம்பியையும் கூட்டிக்கொண்டு நன்னடத்தை அலுவலரிடம் போங்கள். நிபந்தனையை மாற்ற கோர்ட்டில் மனுப் போட வேண்டியவர் அவர்தான், 8ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அவருக்கு மாவட்டம் முழுவதும் வேலை, ஒரே தடவையில் பார்க்க முடியாமல் போகலாம். விடாதீர்கள். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: ‘தினமும் மருந்து சாப்பிட வேண்டும்’ என்று நிபந்தனை எழுதவிடாதீர்கள். ஒரு வேளை மருந்து தவறினாலும் பத்திர மீறல் என்று சொல்ல அதுவே வழியாகிவிடும். ‘மாதம் ஒருமுறை மனநலப் பிரிவுக்குப் போக வேண்டும்’ என்று இருந்தால் போதும், சீட்டே அதற்குச் சாட்சி.

ஏர்வாடி விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், பலர் வழுக்கி விழும் இடம் அது. அம்மாவின் நம்பிக்கையைப் பற்றி எனக்கு ஒரு சொல்லும் இல்லை. ஆனால் பத்திரத்தில் பாம்பன் முகவரி இருக்கிறது. இருப்பிடம் பற்றி நிபந்தனை இருந்தால், 40 நாள் ஏர்வாடியில் தங்குவதும் அதை மீறுவதாகலாம். சம்மன் பாம்பனுக்கு வரும், வாங்க ஆள் இருக்காது, அடுத்தது வாரண்ட். மீன்பிடித் தடைக்காலத்தில் கேரளாவுக்கு வேலைக்குப் போனாலும் இதே கதைதான். எங்கே, எத்தனை நாள் என்று அலுவலரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, அனுமதி வாங்கிய பிறகு போங்கள். தங்க இடம் தருகிறேன், பார்த்துக்கொள்கிறேன் என்று காசு கேட்பவர்களிடம் மட்டும் விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, அங்கே தங்கவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் இறந்தார்கள். எந்த வகையிலும் சங்கிலியால் கட்டுவதை இன்று சட்டம் தடை செய்கிறது.

வக்கீலுக்கும் பணம் தேவையில்லை. மனநோய் உள்ளவருக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை 2017 சட்டத்தில் இருக்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள், அல்லது 15100 எண்ணில் கேளுங்கள். அன்று ஒப்புக்கொண்டதை எதிர்த்து இனி எதுவும் செய்ய முடியுமா என்பதை அங்கே தரும் வக்கீல் ஆவணங்களைப் பார்த்துச் சொல்வார். கொடுத்த 5,000 ரூபாய்க்கு ரசீதோ போன் வழியாக அனுப்பிய விவரமோ இருந்தால் அதையும் அவரிடமே காட்டி, போலீஸில் புகார் எழுதித் தரச் சொல்லுங்கள்.