பதினெட்டு மெஷினுக்கும் தனித்தனியாக ஓஎஸ் கூலியா?

கேள்வி: பாலக்கோட்டில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்து டேலி, ஆபீஸ் சொல்லித் தருகிறேன். ஓசூரில் ஒரு கடையில் பழைய டெல் மெஷின் 18 பேசி முடித்து முன்பணம் கொடுத்திருக்கிறேன். இன்டெல் ஐ5 பிராசசர், ஆறாம் தலைமுறை. ஓஎஸ் (மெஷினை இயக்கும் விண்டோஸ் மாதிரியான மென்பொருள்) கிடையாது. ஒரிஜினல் விண்டோஸ் 11 போட மெஷினுக்கு 500 ரூபாய், மூன்று நாள் ஆகும் என்கிறார் கடைக்காரர். 9,000 ரூபாய் நியாயமா? எல்லாவற்றிலும் ஒரே தடவையில் ஏற்ற முடியாதா?

பதில்: முடியும். மூன்று நாளும் ஆகாது, விவரம் தெரிந்த ஒருவர் ஒரே பகலில் முடித்துவிடுவார்.

விண்டோஸ் ஏற்றும்போது மொழி எது, கீபோர்டு எது, எந்த டிஸ்க், பயனர் பெயர் என்ன என்று வரிசையாகக் கேட்கும் அல்லவா? அந்தப் பதில்களை ‘ஆட்டோஅன்அட்டெண்ட்’ என்ற எக்ஸ்எம்எல் கோப்பில் முன்கூட்டியே எழுதி, விண்டோஸ் உள்ள பென்டிரைவில் எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல் வெளியிலேயே வைத்தால் போதும். மெஷினில் செருகி, சுவிட்சைப் போட்டதும் எஃப்12 அழுத்தி, பென்டிரைவைத் தேர்ந்தெடுத்துவிட்டு அடுத்த மெஷினுக்குப் போய்விடலாம். கம்ப்யூட்டர் பெயருக்கு நேராக ஒரு நட்சத்திரக் குறி போட்டால் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு பெயரை அதுவே வைத்துக்கொள்ளும். நான்கு பென்டிரைவ் இருந்தால் வேலை இன்னும் வேகம். கோப்பு எழுதுவதில்தான் மூளை. மற்றது காவல் காக்கிற வேலை. அதனால் மெஷின் கணக்கில் கூலி பேசாதீர்கள், மொத்தமாக ஒரு தொகை பேசுங்கள்.

எஃப்12 என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அந்தத் தேர்வு அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான். அதை விட்டு, பயாஸில் (மெஷின் எழும்போது முதலில் ஓடும், போர்டிலேயே பதிந்த புரோகிராம்) எப்போதும் பென்டிரைவிலிருந்தே முதலில் எழும்படி வைத்துவிட்டால், பாதியில் ரீஸ்டார்ட் ஆகும்போது மறுபடி அதிலிருந்தே எழுந்து, டிஸ்க்கைத் துடைத்து முதலிலிருந்து தொடங்கும். பொழுதுக்கும் சுற்றிக்கொண்டே இருக்கும். நானே ஒருமுறை இப்படி அகப்பட்டேன். தருமபுரியில் தெரிந்தவர் கடை பில்லிங் மெஷினில் ஏதோ காப்பி எடுக்க இந்தப் பென்டிரைவைச் செருகியிருந்தேன். கரண்ட் போய் வந்தது. கடைப் பையன் சுவிட்சைப் போட்டான். டீ குடித்துவிட்டுத் திரும்பினால் திரையில் புத்தம் புது விண்டோஸ், ஆறு மாத பில் ஒன்றுகூட இல்லை. அன்றிலிருந்து அந்தப் பென்டிரைவில் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன்.

லேன் கேபிள் வழியாகவே எல்லா மெஷினுக்கும் ஏற்றும் முறையும் உண்டு. மாதாமாதம் துடைத்துப் போடுகிற பெரிய லேபுக்கு அது சரி, உங்களுக்கு வேண்டாம்.

அப்புறம் ‘ஒரிஜினல்’ விஷயம். ஏற்றும் கூலி வேறு, லைசன்ஸ் வேறு. 500 ரூபாயில் இரண்டும் அடங்காது. ஆனால் விண்டோஸ் 8 காலத்திலிருந்து டெல் மாதிரி பிராண்டு மெஷின்களில் விண்டோஸோடு விற்றவற்றுக்கு லைசன்ஸ் சாவி பயாஸுக்குள்ளேயே இருக்கும். அது விண்டோஸ் 10 அல்லது 11-க்கான சாவியாக இருந்து, அதே எடிஷனை (ஹோம், ப்ரோ என்ற வகை) போட்டு நெட் கொடுத்தால் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். உங்கள் மெஷின்களிலும் இருந்தால் லைசன்ஸுக்கு யாருக்கும் காசு தர வேண்டியதில்லை. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ‘டிஜிட்டல் லைசன்ஸ்’ என்று வந்தால் பெரும்பாலும் சரி. ‘ஆர்கனைசேஷனின் ஆக்டிவேஷன் சர்வீஸ்’ என்று வந்தால், அப்படி ஒரு நிறுவனம் உங்களிடம் இல்லையே! கிராக் போட்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம்விட எனக்கு உறுத்துவது அந்த ‘ஆறாம் தலைமுறை’. இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் குறைந்ததை, ஓரிரண்டு விதிவிலக்கு தவிர, விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. அந்தச் சோதனையைத் தாண்டவைக்கும் வரிகளை அதே கோப்பில் எழுதிவிடலாம், கடைக்காரரும் அதைத்தான் செய்வார். ஓடும். ஆனால் அப்படிப்பட்ட மெஷினுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு இலவச ஆதரவு முடிந்தது. முன்பணம்தானே கொடுத்திருக்கிறீர்கள்? கொஞ்சம் கூடப் போனாலும் எட்டாம் தலைமுறைக்கு மாற்றிக் கேளுங்கள். டைப்பிங், பிரவுசிங் மட்டும் சொல்லித்தரும் மெஷின் என்றால் பழையதிலேயே உபுண்டு என்ற இலவச ஓஎஸ் போடச் சொல்வேன். அதிலும் இதே மாதிரி கேள்வி கேட்காமல் ஏற்றும் ‘ஆட்டோஇன்ஸ்டால்’ கோப்பு உண்டு. டேலிக்கு விண்டோஸ்தான் வேண்டும்.

பில்லில் மெஷின் விலை, ஏற்றும் கூலி, லைசன்ஸ் மூன்றையும் தனித்தனி வரியாகப் போடச் சொல்லுங்கள். நீங்கள் சொந்தப் பிழைப்புக்காக நடத்தும் சென்டர் என்பதால், ‘வியாபாரத்துக்கு வாங்கியது, நுகர்வோர் இல்லை’ என்று சொல்லிக் கடைக்காரர் எளிதில் நழுவ முடியாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் உங்களுக்கு இடமிருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கட்டணமும் இல்லை. அந்தப் பதில் கோப்பையும் பென்டிரைவோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அட்மின் பாஸ்வேர்டு அதற்குள் படிக்கிற மாதிரியே இருக்கும், வாங்கியதும் மெஷின்களில் அதை மாற்றிவிடுங்கள்.