விலை இறங்குகிறது, புறநகரில் வீடு வாங்கலாமா?

கேள்வி: நகரத்தில் வாடகைக்கு இருக்கிறோம். புறநகரில் ஒரு வீடு பிடித்திருக்கிறது. உரிமையாளர் ஏற்கெனவே இரண்டு முறை விலையைக் குறைத்துவிட்டார். எங்கள் சேமிப்பு மொத்தத்தையும் போட்டால் விலையில் 20 சதவீதம் தேறும். மீதிக்கு 8 சதவீத வட்டியில் 20 வருடக் கடன். அங்கே இதே மாதிரி வீட்டுக்கு வாடகை, மாதத் தவணையில் பாதிகூட இல்லை. கணவருக்கு மூன்று வருடத்தில் வேறு ஊருக்கு மாற்றல் வரலாம். இன்னும் இறங்கும் என்கிறார்கள் நண்பர்கள். இதற்குக் கீழே இறங்காது என்கிறார் புரோக்கர். என்ன செய்வது?

பதில்: இப்போது வாங்காதீர்கள் அம்மா. விலை இன்னும் இறங்கும் என்று கணித்து இதைச் சொல்லவில்லை. அடிமட்டம் எது என்பது அதைத் தாண்டி வந்த பிறகுதான் எவருக்கும் தெரியும். அமெரிக்காவில் 2006-ல் உச்சத்துக்குப் போன வீட்டு விலை, 2012 வரை இறங்கியது. நடுவில் 2009-ல் லேசாக ஏறியபோது, சரி, முடிந்தது என்று நம்பி வாங்கியவர்கள் மறுபடியும் இறக்கத்தைப் பார்த்தார்கள். அப்போதும் தவணையைக் கட்டிக்கொண்டு அதே வீட்டில் குடியிருக்க முடிந்தவர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள். விற்றே ஆகவேண்டிய நிலையில் இருந்தவர்களுக்குத்தான் பலத்த அடி.

அதனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்த மாற்றல்தான்.

வீட்டின் விலை 100 என்று வையுங்கள். கடன் 80. மூன்று வருடத்தில் தவணையாக 24 கட்டியிருப்பீர்கள். ஆனால் ஆரம்ப வருடங்களில் தவணையில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும், அசலில் கழிவது ஐந்தரைதான். பாக்கி எழுபத்தி நாலரை. அதற்குள் விலை 15 சதவீதம் இறங்கியிருந்தால் 85-க்கு விற்று, கடனை அடைத்து, கையில் மிஞ்சுவது பத்தரை. நீங்கள் முதலில் போட்டதோ 20. புரோக்கர் கமிஷன், வாங்கும்போது செய்த பதிவுச் செலவு எல்லாம் தனி. 30 சதவீதம் இறங்கியிருந்தால், வீட்டையும் விற்று, மேலே நாலரையும் கட்டினால்தான் கடன் தீரும்.

மாற்றல் வந்தால் வாடகைக்கு விட்டுவிடலாமே என்று தோன்றும். வாடகை தவணையில் பாதிகூட வராது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மீதித் தவணையும் புது ஊரின் வாடகையும் ஒரே சம்பளத்திலிருந்து போகவேண்டும்.

சேமிப்பைத் துடைத்துப் போடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டு விலை சரியும் காலத்தில் வேலைகளும் ஆட்டம் காண்பது உண்டு. ஆறு மாதத் தவணையும் வீட்டுச் செலவும் கையில் இல்லாமல் யாரும் கடனில் இறங்கக் கூடாது.

புறநகருக்கென்று ஒரு சிக்கலும் இருக்கிறது. அங்கே காலி நிலம் நிறைய. பக்கத்திலேயே ஒரு பில்டர் விற்காத புது வீடுகளை வைத்துக்கொண்டு விலையைக் குறைத்தால், உங்கள் பழைய வீட்டை எவர் கேட்பார்? நகரத்துக்குள் இருக்கும் வீட்டைவிட இதை விற்க அதிக காலம் பிடிக்கும்.

அந்த இடம் அவ்வளவு பிடித்திருந்தால் அங்கேயே ஒரு வருடம் வாடகைக்குப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போனால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். திங்கட்கிழமை காலை வேலைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது, மழை பெய்தால் தெருவில் தண்ணீர் வடிகிறதா, இரவு எட்டு மணிக்கு எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று பாருங்கள். பாதி வீடு இருட்டாக இருந்தால், முதலீட்டுக்கென்று வாங்கிப் பூட்டிவைத்தவை பல இருக்கும். விலை இன்னும் சரிந்தால் முதலில் விற்க வருபவர்கள் அவர்கள்தான்.

மாற்றல் இல்லை என்று உறுதியாகி, ஏழெட்டு வருடம் அங்கேயே இருப்போம் என்றால் தாராளமாக வாங்குங்கள். அப்போது கட்டி முடித்த வீடாகப் பாருங்கள். இறங்கும் சந்தையில் பில்டர் பணமில்லாமல் வேலையைப் பாதியில் நிறுத்தினால் வாடகையும் தவணையும் சேர்ந்து கழுத்தை நெரிக்கும். உரிமையாளர் சொல்லும் விலையிலிருந்து பேரத்தைத் தொடங்காதீர்கள். அந்தத் தெருவில் கடைசியாக உண்மையில் விற்ற விலையை விசாரித்து, அதற்கும் கீழே கேளுங்கள்.

அதுவரை, தவணைக்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தை மாதாமாதம் வங்கி டெபாசிட்டில் போடுங்கள். மூன்று வருடத்தில் தேவைப்படக்கூடிய பணம் இது, பங்குச் சந்தைப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.