வெள்ளாற்றின் கடைசி ஊர்

கேள்வி: நானும் கணவரும் பணி ஓய்வு பெற்றவர்கள். ஆறு, கடல், கொஞ்சம் பழமை எல்லாம் இருக்கிற, கூட்டமில்லாத ஊரில் ஒரு நாள் சும்மா சுற்ற ஆசை. தரங்கம்பாடி பார்த்தாயிற்று. வேறு ஊர் சொல்லுங்களேன்.
– ஒரு வாசகி, விருத்தாசலம்

பதில்: உங்கள் ஊர் மணிமுத்தாறு வெள்ளாற்றில்தானே போய்ச் சேருகிறது? அந்தத் தண்ணீர் போகிற வழியிலேயே போங்கள். பரங்கிப்பேட்டை வந்துவிடும். வெள்ளாறு கடலில் கலக்கிற ஊர்.

போர்த்துக்கீசியர் வைத்த பெயர் போர்ட்டோ நோவோ, அதாவது புதுத் துறைமுகம். முஸ்லிம் வணிகர்களுக்கு அது மஹ்மூத் பந்தர். 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் மோதியது இங்கேதான். 1830களில் ஹீத் என்பவர் இங்கே இரும்பு ஆலை நடத்தினார். தாது சேலத்திலிருந்து வந்தது. அதை உருக்க மரக்கரி வேண்டும். கரிக்குத் தட்டுப்பாடு வந்ததும் ஆலை தள்ளாடி, கடைசியில் மூடிவிட்டார்கள். தரங்கம்பாடி மாதிரி ஒரு கோட்டை நிற்கும் என்று மட்டும் தேடிப் போகாதீர்கள், ஏமாந்து போவீர்கள்.

எனக்கு அந்த ஊரில் பிடித்தது மாலுமியார் தர்காதான். மாலுமியார் ஒரு கப்பல் தலைவர். பத்துப் பன்னிரண்டு கப்பல் வைத்திருந்தாராம். ஒரே நேரத்தில் எல்லாக் கப்பலிலும் அவரே நின்று ஓட்டுவாராம்! கடலுக்குப் போகிறவர்களும் பத்திரமாகத் திரும்பியவர்களும் அங்கிருந்த சின்ன உண்டியலில் காசு போடுவார்களாம். அந்தக் காசில்தான் விளக்கும் வெள்ளையடிப்பும். அரைக்காசு நாச்சியார் என்று இன்னொருவர். அவருக்கு அரைக்காசுக்கு மேல் காணிக்கை வைத்தால் பலிக்காது என்பது பழைய நம்பிக்கை. நம் வசதிக்கு ஏற்ற நாச்சியார்!

காலை வெயில் ஏறுவதற்குள் ஆற்றங்கரையைப் பார்த்துவிடுங்கள். நான் ஒருமுறை சித்திரை மாதத்தில் பன்னிரண்டு மணிக்குப் போய், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் குதித்தது போதும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் இந்த ஊரில்தான். உள்ளே பார்க்க வேண்டுமானால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சாயங்காலம் வடக்கே சாமியார்பேட்டை கடற்கரை. தங்குவதற்குச் சிதம்பரம்தான் வசதி. இன்னொரு நாள் கையில் இருந்தால் கிள்ளை பக்கம் பிச்சாவரம், சுரபுன்னைக் காட்டில் படகு.

அப்புறம், அல்வா. அந்த ஊர் அல்வா வாங்காமல் திரும்பாதீர்கள். ஆனால் துணிப் பையில் மட்டும் வைக்காதீர்கள். சிதம்பரம் வருவதற்குள் நெய் இறங்கி, என் பட்டுப்புடவையின் முந்தானையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. இன்னும் போகவில்லை.

கேள்வி: சாமியார்பேட்டையில் குளிக்கலாமா?
– ஒரு வாசகர், நெய்வேலி

பதில்: காலை நனைக்கலாம். அதற்கு மேல் என்றால், அங்கே வலை உலர்த்துகிற மீனவர்களைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.