வாசகர் கேள்வி பதில்: சாமுராய்த் தலைவர் குரோடா கன்பே

கேள்வி: ஜப்பானின் உள்நாட்டுப் போர்க்கால வரலாற்றில் நோபுநாகா, ஹிடேயோஷி, இயேயாசு ஆகிய மூவரைப் பற்றியே அதிகம் படிக்கிறோம். ஹிடேயோஷியின் ஆலோசகராக இருந்த குரோடா கன்பே யார்? அவர் சிறையில் இருந்தார் என்பது உண்மையா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: உண்மைதான். அந்தச் சிறைவாசத்தைத் தவிர்த்துவிட்டு அவருடைய வாழ்க்கையைப் புரிந்துகொள்ள முடியாது.

கன்பே 1546-இல் ஹரிமா மாகாணத்து ஹிமேஜியில் பிறந்தார். இன்று உலகப் பாரம்பரியச் சின்னமாக விளங்கும் வெண்ணிறக் கோட்டை அப்போது எழும்பியிருக்கவில்லை. அங்கே இருந்த சிறு கோட்டை ஒன்றை, ஒடேரா குலத்தலைவரின் சார்பில் கன்பேயின் குடும்பம் காத்து வந்தது. கிழக்கே ஓடா நோபுநாகாவும் மேற்கே மோரி குலமும் வலுத்துக்கொண்டிருக்க, இடையில் அகப்பட்ட ஹரிமாவின் சிறு தலைவர்கள் யாரைச் சார்வது என்று தயங்கினார்கள். நோபுநாகாவின் பக்கமே சேர வேண்டும் என்று தம் தலைவரிடம் வாதிட்டவர் கன்பே. 1577-இல் நோபுநாகாவின் தளபதியாக ஹிடேயோஷி படையுடன் வந்தபோது, தம் ஹிமேஜிக் கோட்டையையே அவருக்கு ஒப்படைத்தார். அப்போது அவருக்கு இருந்த ஒரே மகனையும் நோபுநாகாவுக்குப் பிணையாக அனுப்பி வைத்தார்.

அடுத்த ஆண்டே சோதனை வந்தது. நோபுநாகாவின் கீழிருந்த அராகி முராஷிகே, இன்றைய இதாமி நகரிலிருந்த அரியோகா கோட்டையில் கலகக்கொடி உயர்த்தினார். அவரிடம் பேசி மனத்தை மாற்றிவிடலாம் என்று நம்பிக் கோட்டைக்குள் சென்ற கன்பே, அங்கேயே சிறை வைக்கப்பட்டார். அவர் திரும்பி வராததைக் கண்ட நோபுநாகா, கன்பேயும் துரோகியாகிவிட்டார் என்று முடிவு கட்டி, பிணையாக இருந்த சிறுவனைக் கொல்லும்படி ஆணையிட்டார். ஹிடேயோஷியின் மற்றோர் ஆலோசகரான டகேனாகா ஹன்பே, கொன்றுவிட்டதாகக் காட்டிக்கொண்டு அந்தச் சிறுவனை மறைத்துக் காப்பாற்றினார். தலைவரின் ஆணையை மீறியது தெரிந்தால் தம் உயிருக்கே ஆபத்து என்பதை அறிந்தும், நண்பர் துரோகம் செய்திருக்க மாட்டார் என்று ஹன்பே நம்பினார். அந்தக் காலத்தில் தந்தையும் மகனுமே ஒருவரையொருவர் நம்பத் தயங்கினார்கள் என்பதை எண்ணும்போது, இந்த நட்பின் பெருமையை எவ்வளவு சொன்னாலும் தகும்.

ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 1579-இல் அரியோகா வீழ்ந்தபோது கன்பே உயிரோடு மீட்கப்பட்டார். இடுக்கமான சிறையில் அடைபட்டிருந்ததால் அவருடைய கால் ஊனமாகிவிட்டது. ஹன்பேயோ சில மாதங்களுக்கு முன்பே மிகி கோட்டை முற்றுகையின்போது பாசறையில் நோயுற்று இறந்திருந்தார். அவரைக் கண்டு நன்றி சொல்லும் வாய்ப்பு கன்பேக்குக் கிடைக்கவே இல்லை. காப்பாற்றப்பட்ட மகன் நாகாமாசாவும், ஹன்பேயின் மகன் ஷிகேகாடோவும், இயேயாசுவை ஜப்பானின் தலைமைக்கு உயர்த்திய 1600-ஆம் ஆண்டு செகிகஹாராப் போர்க்களத்தில் அருகருகே நின்று போரிட்டார்கள்.

கேள்வி: போர்த் தந்திரத்தில் அவருடைய தனிச்சிறப்பு என்ன? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: எதிரியைச் சரணடையச் செய்யும் பேச்சுதான் என்பது என் கருத்து. வீரர்களை அணிவகுத்து மோதவிடுவதில் அவரைவிடத் தேர்ந்தவர்கள் அக்காலத்தில் பலர் இருந்தார்கள். முற்றுகைக்குள்ளான கோட்டைக்குள் நுழைந்து, உள்ளே இருப்பவர்கள் ஏற்கக்கூடிய ஒரு முடிவோடு வெளியே வரக்கூடியவர்கள் மிகச் சிலரே.

1582-இல் பிட்சூ மாகாணத்தில் மோரி தரப்பின் டகமாட்சு கோட்டையைச் சுற்றிக் கரை எழுப்பி, மழைக்காலத்து ஆற்றுநீரைத் திருப்பிவிட்டு ஹிடேயோஷி அதை மூழ்கடித்தார். அந்த யோசனை கன்பேயுடையது என்று மரபு கூறுகிறது. அப்போதுதான் கியோட்டோவில் நோபுநாகா தம் தளபதி ஒருவராலேயே வீழ்த்தப்பட்டார் என்ற செய்தி வந்தது. மோரி தரப்புக்கு அது எட்டுவதற்குள் உடன்படிக்கை முடிக்கப்பட்டது. கோட்டைத் தலைவர் ஷிமிசு முனேஹாரு, உள்ளே இருந்தவர்களின் உயிருக்கு ஈடாக, வெள்ளத்தின் நடுவே படகில் அமர்ந்து தம் வயிற்றைக் கிழித்துக்கொண்டு உயிர் நீத்தார். பிறகு ஹிடேயோஷியின் படை சுமார் 200 கிலோமீட்டர் விரைந்து சென்று, நோபுநாகா இறந்த 11-ஆம் நாள் யமசாகியில் துரோகியை முறியடித்தது. அந்த வெற்றியே ஹிடேயோஷியை ஜப்பானின் தலைமைக்கு உயர்த்தியது.

1590-இல் ஒடாவாரா கோட்டை முற்றுகை மாதக்கணக்கில் நீண்டபோது ஹோஜோ குலத்தாரிடம் பேசி இணங்கவைத்தவர்களுள் முதன்மையானவர் கன்பேதான். அதற்கு நன்றியாக ஹோஜோ தலைவர் அளித்ததாகக் கூறப்படும் ‘நிக்கோ இச்சிமோன்ஜி’ என்ற வாள் இன்றும் ஃபுக்குவோக்கா நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆனாலும் அவரைக் கருணையின் வடிவமாகக் காட்டுவது சரியாகாது. டொட்டோரி கோட்டையை 1581-இல் பட்டினி போட்டு வீழ்த்திய படையில் அவரும் இருந்தார். ஹிடேயோஷி தெற்கே கியூஷூ தீவை வென்ற போருக்குப் பின், அங்குள்ள புசென் மாகாணத்தில் ஆறு மாவட்டங்களைப் பெற்று நாகாட்சுவில் கோட்டை கட்டிய காலத்தில், அந்த மண்ணின் பரம்பரைத் தலைவரான கீ ஷிகேஃபுசா தம் நிலத்தை விட்டு வெளியேற மறுத்தார். சமாதானம் பேசி முடித்த பிறகு, 1588-இல் அவரை விருந்துக்கு அழைத்துக் கோட்டைக்குள்ளேயே கொன்றுவிட்டார்கள். அவருடைய ஆட்கள் அருகிலிருந்த கோகன்ஜி கோயிலில் மாண்டார்கள். இரத்தக்கறை மறையாததால் பூசப்பட்டதாகச் சொல்லப்படும் சிவப்பு, அக்கோயில் சுவரில் இன்றும் இருக்கிறது. கொலையை நடத்தியவர் நாகாமாசா. கன்பே அப்போது ஊரில் இல்லை. ஆயினும், சொன்ன சொல்லை எதிரி நம்புவதையே தம் பலமாகக் கொண்ட ஒருவரின் வீட்டில் இது நடந்தது என்பதால், இதை அவர் வாழ்வின் ஆகப்பெரிய களங்கமாகவே நான் கருதுகிறேன்.

கேள்வி: அவர் கிறிஸ்தவரா? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: ஆம். டகயாமா உகோன் என்ற கிறிஸ்தவத் தலைவரின் தூண்டுதலால் 1580-களில் திருமுழுக்குப் பெற்று, சிமியோன் என்ற பெயரை ஏற்றார். 1587-இல் ஹிடேயோஷி பாதிரிமார்களை வெளியேற்ற ஆணையிட்டபோது, உகோன் தம் நிலத்தையே துறந்தார். கன்பே அவ்வாறு செய்யவில்லை. ஆனால் ‘சிமியோன் ஜோசுயி’ என்று ரோமன் எழுத்தில் பொறித்த முத்திரையைப் பயன்படுத்தினார். ஜோசுயி என்பது அவர் பிற்காலத்தில் சூடிய பெயர்.

கேள்வி: 1600-இல் அவர் ஜப்பானையே கைப்பற்றத் திட்டமிட்டார் என்கிறார்களே? (சேலம் வாசகர்)

பதில்: அப்படிச் சொல்லும் கதைகள் பெரும்பாலும் பிற்காலத் தொகுப்புகளிலிருந்து வருபவை. தமக்குப் பின் ஆளக்கூடியவர் கன்பேதான் என்று ஹிடேயோஷி அஞ்சினார் என்பதும் அவ்வகையே. நடந்தது இதுதான்: மகன் இயேயாசுவுக்காகப் பெரும்படையோடு கிழக்கே இருந்தபோது, முதியவரான ஜோசுயி சேமித்த பணத்தை வெளியே எடுத்து, வேலையற்ற சாமுராய்களையும் குடியானவர்களையும் சேர்த்துப் படை திரட்டினார். இஷிகாகிபாருவில் எதிர்த்தரப்பின் ஒட்டோமோ யோஷிமுனேயை வென்று, அவர் சரணடைய உயிரோடு விட்டார்; பிறகு வடக்கு கியூஷூவின் கோட்டைகளை ஒவ்வொன்றாகக் கைப்பற்றினார். செகிகஹாராப் போர் மட்டும் மாதக்கணக்கில் இழுத்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று ஊகிப்பது எளிது. ஆனால், அது ஒரே நாளில் முடிந்துவிட்டது; அதன் பிறகும் அவர் இயேயாசுவின் தரப்பிலேயே போரிட்டார்; தெற்கே ஷிமாசு குலத்தின் மீது படையெடுக்கக் கிளம்பியபோது நிறுத்துமாறு இயேயாசுவின் ஆணை வந்ததும் நின்றுவிட்டார். அரசுக்கு ஆசைப்பட்டவரின் நடத்தையாக இது எனக்குத் தோன்றவில்லை. குழப்பமான காலத்தில் தம் குடும்பத்துக்கு இயன்றவரை நிலம் சேர்க்க முயன்றார் என்பதே பொருத்தம். போரில் நாகாமாசா ஆற்றிய பணிக்குப் பரிசாக, ஐந்து லட்சம் கோகுவுக்கு (கோகு என்பது அக்கால ஜப்பானிய அரிசி அளவை) மேல் நெல்வருவாயுள்ள சிகுசென் மாகாணம் கிடைத்தது. ஜோசுயி டஜைஃபு கோயில் வளாகத்தில் சில காலம் தங்கி, தமக்குப் பிடித்த தொடர்கவிதையில் ஈடுபட்டார். 1604-இல் ஃபுஷிமியில் காலமானார்.