முதல் வகுப்பில் சொல்ல வேண்டிய விதிகள்

அன்புள்ள ஐயா,

தேவகோட்டைப் பக்கம் ஒரு கலைக்கல்லூரியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். முதலாண்டு மாணவர்களுக்குப் பைத்தான் என்ற கணினி மொழிப் பாடம் எடுக்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் தமிழ்வழியில் படித்தவர்கள். பலர் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. 75 சதவீத வருகை, தாமதமானால் மார்க் இல்லை, காப்பியடித்தால் பூஜ்யம், சாட்ஜிபிடி கூடவே கூடாது என்று முதல் நாளே கறாராகச் சொல்லிவிடச் சொல்கிறார்கள் மூத்த ஆசிரியர்கள். பிள்ளைகள் மிரண்டுவிடுவார்களோ என்று எனக்குத் தயக்கம். எதில் கறாராக இருப்பது, எதில் விட்டுக்கொடுப்பது?

ஒரு விரிவுரையாளர்

அன்புள்ள நண்பருக்கு,

விதிகளை முதல் நாளே சொல்லிவிடுங்கள். வருகைக் கணக்கு உங்கள் கையில் இல்லை, அதை ஒரு நிமிடத்தில் முடித்துவிடலாம். மீதி நேரத்தைக் காப்பியடிப்பதைப் பற்றிப் பேசக் கொடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் நம் பக்கத்தைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

ரெக்கார்டு நோட்டைத்தான் சொல்கிறேன். போன வருடத்து அண்ணனின் நோட்டு கைமாறி வரும். கோடு போட்ட பக்கத்தில் புரோகிராம், வெள்ளைப் பக்கத்தில் அவுட்புட். புள்ளி பிசகாமல் பார்த்து எழுதிக் கையெழுத்து வாங்கினால் மார்க். அண்ணன் விட்ட பிழையும் சேர்ந்தே இறங்கும். ஒரு பருவம் முழுக்கப் பார்த்து எழுதியதற்கு மார்க் போட்டுவிட்டு, அதே பையன் லேபில் பக்கத்து ஸ்க்ரீனைப் பார்த்தால் பூஜ்யம் போடுகிறோம். இது எனக்கு நியாயமாகப் படவே இல்லை. ரெக்கார்டை உங்களால் ஒழிக்க முடியாது, வெளியிலிருந்து வரும் தேர்வாளர் கேட்பார். வரிசையை மாற்றலாம். தன் கையால் அடித்து ஓடிய புரோகிராமை மட்டும் நோட்டில் ஏற்றச் சொல்லுங்கள். அதன் கீழே எங்கே தடுக்கியது, எப்படிச் சரியானது என்று இரண்டு வரி, தமிழிலேயே எழுதட்டும். அந்த இரண்டு வரியை அண்ணன் நோட்டிலிருந்து எடுக்க முடியாது.

சரி, காப்பி ஏன் கூடாது? காரணத்தை வாயால் சொல்வதைவிட ஒரு வட்டிக் கணக்கைக் கொடுத்துக் காட்டலாம். நம் ஊர்ப் பிள்ளைக்கு வட்டி தெரியாமல் இருக்காது. முதல் படியாக அசலையும் ஆண்டையும் வாங்கிப் பெருக்கச் சொல்லுங்கள். ஆண்டை எண்ணாக மாற்றிவிட்டு அசலை மாற்ற மறந்த பையனுக்கு, 1000-ஐ 2-ஆல் பெருக்கினால் 2000 வராது. 10001000 என்று வரும். இன்புட்டில் வாங்கியது பைத்தானுக்கு வெறும் எழுத்து, அதனால் இரண்டு தடவை அடுத்தடுத்து எழுதி வைத்துவிடுகிறது. எர்ரர் எதுவும் காட்டாது. பையன் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவன் அப்படி முழிக்கும் அந்த நேரம்தான் ஐயா பாடம். பக்கத்திலிருப்பவன் எழுத்தை எண்ணாக மாற்றும் கட்டளையைச் சுட்டி “இன்ட் போடுடா” என்று சொல்லிவிட்டால் விடை சரியாகிவிடும், பாடம் போய்விடும். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போன நம் செட்டியார் வட்டிக் கடைகளில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடைசிப் படியில், சேர்ந்தவன் ஏஜெண்டுக்கு அடுத்த இடமான அடுத்தாளாகி, பிறகு ஏஜெண்டாகக் கடையையே நடத்தினான் என்றால், கீழே இருந்து தன் கையால் கணக்குப் போட்டுப் பழகியதால்தான்.

ஆகவே விதி இப்படி இருக்கட்டும். எப்படிச் செய்வது என்று பேசிக்கொள்ளலாம், தாளில் வரைந்து காட்டலாம், எர்ரர் செய்தியைச் சேர்ந்து படிக்கலாம். புரோகிராமை மட்டும் ஒருவருக்கொருவர் அனுப்பக் கூடாது, வாட்ஸ்அப் குழுவிலும் போடக் கூடாது. கண்டுபிடிப்பதற்கு மென்பொருள் இருக்கிறது. அலெக்ஸ் ஐகன் என்ற பேராசிரியர் 1994-இல் உருவாக்கிய மாஸ், மாறிகளின் (அசல், ஆண்டு போன்ற மதிப்புகளுக்குப் புரோகிராமில் வைக்கும் இடங்களின்) பெயரை மாற்றி வைத்தாலும் ஒற்றுமையைப் பிடித்துவிடும். உங்கள் வகுப்புக்கு அது தேவைப்படாது. பக்கத்தில் நின்று, “இதை மாத வட்டிக்கு மாற்று” என்று கேளுங்கள். தானே எழுதியவன் தடுமாறியாவது மாற்றிவிடுவான். முடியாதவனுக்குப் பூஜ்யம் போடாமல் அடுத்த வாரம் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். ஹார்வர்டின் சிஎஸ்50 என்ற கணினி அறிமுகப் பாடத்தில் 2014-லிருந்து ஒரு விதி உண்டு: தப்புச் செய்தவர் 72 மணி நேரத்துக்குள் தானாக வந்து சொன்னால், அந்த வேலைக்கு மார்க் போகலாம், ஆனால் மேல்நடவடிக்கை கிடையாது. இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பதினேழு வயதுப் பிள்ளைக்குத் திரும்பி வர ஒரு கதவு வேண்டும்.

சாட்ஜிபிடியை முழுக்கத் தடுக்க முடியாது, எல்லார் போனிலும் இருக்கிறது. அதே சிஎஸ்50-யில் 2023-இல் தாங்களே ஓர் உதவியாளரைச் செய்து வைத்தார்கள். அது வழி காட்டும், விடையைத் தூக்கிக் கொடுக்காது. நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. அதனால் புரோகிராம் எழுதித் தரச் சொல்வது கூடாது, எர்ரருக்குத் தமிழில் விளக்கம் கேட்பது கூடும் என்று கோடு போடுங்கள். தமிழ்வழிப் பிள்ளைகள் மிரள்வது உங்கள் விதிகளைப் பார்த்து இல்லை, சிவப்பில் வரும் அந்த ஆங்கில வரிகளைப் பார்த்து. சின்டாக்ஸ் எர்ரர், நேம் எர்ரர், டைப் எர்ரர், இன்டென்டேஷன் எர்ரர் ஆகிய நான்குக்கும் தமிழில் விளக்கம் எழுதி முதல் நாளே கொடுத்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

இன்னொன்றையும் அன்றைக்கே வெளிப்படையாகச் சொல்லுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் எடுத்தவர்கள் பைத்தானை ஏற்கெனவே பார்த்திருப்பார்கள், அதனால் முதல் மாதம் சரசரவென்று அடிப்பார்கள். வணிகவியல் படித்து வந்த பெண் அதைப் பார்த்து, தனக்கு மூளை போதாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

தாமதத்தில் தாராளமாக இருங்கள். கண்டனூருக்கும் புதுவயலுக்கும் பஸ்ஸைப் பிடிக்க ஓடும் பிள்ளை சாயங்காலம் எந்தக் கம்ப்யூட்டரில் உட்காரும்? மதிய இடைவேளையில் லேபைத் திறந்து வைக்க முடியுமா என்று துறைத்தலைவரிடம் கேளுங்கள். பருவத்துக்கு மூன்று நாள் தாமதத்தைக் காரணம் கேட்காமல் ஆளுக்குக் கொடுத்துவிடுங்கள், எப்போது செலவழிப்பது என்பது அவர்கள் பாடு. அடுத்த பருவத்திலும் நீங்களே எடுப்பதாக இருந்தால், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் வாரத்தில் கெடு வைக்க வேண்டாம்.

இதையெல்லாம் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி லேப் கதவில் ஒட்டுங்கள், ஆளுக்கொரு நகலும் கொடுங்கள். அப்புறம், பக்கத்தில் நின்று மாற்றச் சொல்லும் சோதனையை இரண்டாம் வாரமே தொடங்கிவிடுங்கள். தள்ளிப்போட்டால் அண்ணன்மார் நோட்டு முந்திக்கொள்ளும்.