பதக்க விளிம்பில் ஓர் எண்: அயர்லாந்துச் சிப்பாயைத் தேடிப் பிடிப்பது எப்படி?

கேள்வி: சென்னையில் பழம்பொருள் கடையில் ஒரு வெள்ளிப் பதக்கம் வாங்கினேன். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ், மறுபக்கம் குதிரைவீரன். விளிம்பில் ஓர் எண், பெயர், ‘ஆர். டப். ஃபஸ்.’ என்று பொறித்திருக்கிறது. முதல் உலகப் போரில் செத்தவர் என்றார் கடைக்காரர். இவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அந்தச் சுருக்கம் பிரிட்டிஷ் ராணுவத்தின் அயர்லாந்துக் காலாட்படைப் பிரிவான ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸைக் குறிக்கும். மெட்ராஸ், பம்பாய் ஃபியூசிலியர்களை 1881இல் இணைத்து உருவாக்கிய பிரிவு அது. அதன் முதல் பட்டாலியன் 1914 ஆகஸ்டில் மெட்ராசில்தான் இருந்தது. அதை வைத்து இவரும் இங்கே இருந்தவர் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இந்தப் பதக்கம் போர் முடிந்த பிறகு கொடுத்தது. எந்தக் கை மாறியும் வந்திருக்கலாம். உயிரோடு திரும்பியவர்களுக்கும் இதே பதக்கம்தான். ஆகவே கடைக்காரர் பேச்சை ஓரமாக வையுங்கள்.

தேடும்போது பெயரை நம்பாதீர்கள், எண்ணை நம்புங்கள். பர்ன், மர்ஃபி என்று தட்டினால் நூற்றுக்கணக்கில் கொட்டும். எண்ணும் தனியாக உதவாது. 1920 வரை ஒவ்வொரு படைப்பிரிவும் தனக்கென எண் கொடுத்ததால், அதே எண் வேறு பிரிவில் வேறொருவருக்கு இருக்கும். எண்ணும் பிரிவும் சேர்ந்தால்தான் ஆள்.

முதலில் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளம், இலவசம். போரில் இறந்தவரானால் இறந்த தேதியும் கல்லறையும் கிடைக்கும். உடல் கிடைக்காதவர் என்றால் துருக்கியின் ஹெல்லெஸ், பிரான்சின் தீப்வால் போன்ற நினைவுச் சின்னத்தில் பெயர் இருக்கும். வயதும் பெற்றோர் பெயரும் காலியாக இருந்தால் திகைக்க வேண்டாம். அந்த விவரங்களைக் குடும்பத்தார்தான் எழுதி அனுப்ப வேண்டியிருந்தது, பலர் அனுப்பவில்லை.

அடுத்து பதக்க அட்டை, அதாவது ஒவ்வொரு சிப்பாய்க்கும் உரிய பதக்கங்களை ராணுவம் குறித்துவைத்த அட்டை. 1915 முடிவதற்குள் போர்க்களம் போனவர் என்றால் போன தேதி அதில் இருக்கும். போர்க்களக் குறியீடு ‘2பி’ என்றிருந்தால் துருக்கியின் கலிப்பொலி. தேதி 25 ஏப்ரல் 1915 என்றால், பெரும்பாலும் மெட்ராசிலிருந்து போன அதே முதல் பட்டாலியனோடு ‘வி’ கடற்கரையில் இறங்கியவர்.

பணிக் கோப்பு கிடைத்தால் அதிர்ஷ்டம். 1940 செப்டம்பரில் லண்டனில் விழுந்த குண்டில் பாதிக்கு மேல் எரிந்துபோயின. அந்தக் குறையை ஓரளவு தீர்ப்பது ‘சோல்ஜர்ஸ் எஃபெக்ட்ஸ்’ பேரேடு. இறந்தவரின் பாக்கிச் சம்பளத்தை யாருக்குக் கொடுத்தார்கள் என்ற கணக்கு அது. தாய், மனைவி பெயர் அங்கேதான் அகப்படும். கட்டணத் தளத்தில் இருக்கிறது, ஆனால் கொடுக்கும் காசுக்குத் தகும்.

அதில் பின்னால் சேர்த்து எழுதிய ‘வார் கிராஜுவிட்டி’ என்ற போர்ச் சேவைக் கொடைத்தொகையைப் பாருங்கள். வெளிநாட்டுக் களம் கண்ட சாதாரண சிப்பாய்க்கு முதல் 12 மாதத்துக்கு 5 பவுண்டு, அதற்கு மேல் மாதத்துக்கு 10 ஷில்லிங், அதாவது அரை பவுண்டு. 8 பவுண்டு 10 ஷில்லிங் என்றால் 5 போக மூன்றரை பவுண்டு, அதாவது 7 மாதம், மொத்தம் 19. அவர் 9 செப்டம்பர் 1916இல் பிரான்சின் கின்ஷியில் விழுந்தவரானால், 1915 பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கத்துக்குள் சேர்ந்திருக்கிறார். குறை மாதத்தையும் முழு மாதமாகவே கணக்கிட்டார்கள் என்பதால் இந்த இடைவெளி. போருக்கு முன்பே பட்டாளத்தில் இருந்தவருக்கு இந்தக் கணக்கு பயன்படாது. 1914 ஆகஸ்டுக்கு முந்தைய சேவையை அதில் சேர்க்கவில்லை.

தாயின் பெயர் கையில் வந்தபின் அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளுக்குப் போங்கள். இரண்டும் இலவசம். வயது பொருந்தவில்லை என்று ஆளைத் தள்ளிவிடாதீர்கள். 1909இல் முதியோர் ஓய்வூதியம் வந்ததும் பத்தே ஆண்டில் பதினைந்து வயது கூடிய பாட்டிகள் அங்கே ஏராளம். ராணுவக் குடியிருப்பில் இருந்தவர்களை முதலெழுத்தால் மட்டுமே பதிந்தார்கள். 1911இல் இந்தியாவில் இருந்தவரை இங்கிலாந்து–வேல்ஸ் கணக்கெடுப்பின் வெளிநாட்டு ராணுவப் பகுதியில் தேடுங்கள்.

பிறப்புப் பதிவு 1864 முதல் ‘ஐரிஷ் ஜீனியாலஜி’ அரசுத் தளத்தில் அசல் படமாகவே கிடைக்கிறது. குடும்பப் பெயரின் முன்னே வரும் ‘ஓ’ என்ற முன்னொட்டு இருந்தும் இல்லாமலும் தேடிப் பாருங்கள். அதே தேசியக் காப்பகத்தில் சிப்பாய்கள் எழுதிவைத்த உயில்களும் உண்டு. பெரும்பாலும் இரண்டே வரி, எல்லாம் அம்மாவுக்கு.

போரில் இறந்தவர்களின் பட்டியலாக 1923இல் எட்டுத் தொகுதிகளில் வந்த ‘அயர்லாந்து நினைவுப் பதிவேடு’ம் கண்ணில் படும். அதில் பெயர் இருப்பதாலேயே அவர் ஐரிஷ்காரர் ஆகிவிட மாட்டார். ஐரிஷ் பிரிவுகளில் இருந்த ஆங்கிலேயர்களும் அதில் கலந்திருக்கிறார்கள். பிறந்த ஊரைப் பாருங்கள்.